முப்பத்து நான்காம் பெட்டியின் சீட்டு

இடது கை இழையைப் பிடித்திருக்கிறது. வலது கை அதன் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சை இடுக்கியால் ஒரே இழுப்பில் உரித்து எடுக்கிறது. உள்ளே இருப்பது கண்ணாடி, தலைமுடி அளவே தடிமன். ஸ்பிரிட் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்து, வெட்டும் கருவியில் வைத்து மூடினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அரிசி நீளத்தில் ஒரு துண்டு தெறிக்கிறது. அதைத் தரையில் விடக்கூடாது. சதையில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, வெளியேயும் வராது. இடது மணிக்கட்டில் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றிய கருப்பு டேப்பில் அதை ஒற்றி எடுக்கிறது கை. காலையிலிருந்து பதினேழு துண்டுகள் அந்த டேப்பில் சேர்ந்திருக்கின்றன.

இரண்டு முனைகளையும் மெஷினில் எதிரெதிராகப் படுக்க வைத்து மூடியதும், சின்னத் திரையில் அவை இரண்டு தண்ணீர்க் குழாய்கள் போலப் பெரிதாகத் தெரிகின்றன. மெல்ல நெருங்கி, ஒரு பொறியில் ஒன்றாகின்றன. சாம்பலோடு சாம்பல். ஆறு வருடங்களாக அந்தச் சாம்பல் நிற இழை இதே பெட்டிக்குள் பச்சையோடு சேர்ந்திருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

“கேபிள் அண்ணா, நெட் வரல.” சாராளின் குரல். வீட்டிலிருந்தே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்.

“தெரியும்மா. இருவது நிமிஷம்.”

“நேத்தும் இருவது நிமிஷம்தான் சொன்ன. நீ வேலைய உட்டுட்டுப் போறேன்னு தெருவே பேசிக்குது. போறதுக்குள்ள எங்க வேலையயும் புடுங்கிட்டுதான் போவியா?”

“இன்னும் ஒம்போது பொட்டிதான்மா.”

“பொட்டிய எண்ணிக்கினே இரு. மேனேஜர் என்னைய எண்ணிக்கினு கீறான்.”

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு அடுத்த இழையை எடுத்தார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நெல் நிலம் உண்டு, தம்பி பார்த்துக்கொள்கிறார். இருபத்திரண்டு வயதில் கும்மிடிப்பூண்டிக்கு இரும்பு உருக்கும் மில் வேலைக்கு வந்தவர், மில்லின் சூடு ஒத்துக்கொள்ளாமல் சந்திரமோகன் என்பவரிடம் டி.வி. கேபிள் இழுக்கச் சேர்ந்தார். பதினோரு வருடம் கழித்து சந்திரமோகன் கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாறி, வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தார். அந்த இழையை ஒட்டத் தெரிந்தவர் அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. சென்னையிலிருந்து ஒருவர் இரண்டு நாள் வந்து ஒட்டினார். செங்கல்வராயன் அவருடைய மெஷினுக்குக் குடை பிடித்தார். கேட்டதற்கு அந்த மனிதர் பதில் சொல்லவில்லை. செங்கல்வராயன் குடைக்கடியிலிருந்து விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழைய மெஷின் ஒன்று வாங்கியதும், வீணான கேபிள் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் ஒட்டிப் பழகினார். ஒட்டுவதற்கு முன்பே இழையில் காப்புக் குழலைக் கோர்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கோர்க்க வழியில்லை. முதல் வாரத்தில் அதை முப்பது தடவை மறந்திருப்பார். மனைவி பிரேமா தினமும் பாயை வெயிலில் உதறி, உள்ளங்கையால் தடவித் தடவிக் கண்ணாடித் துண்டு தேடியது அந்த மாதத்தில்தான்.

பத்து வருடத்தில் அறுநூற்று நாற்பது வீடுகள் சேர்ந்தன. பஜாரில் இருக்கும் ஆபீசிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, கம்பம் கம்பமாக பெத்திக்குப்பம் பக்கம் வரை போகிறது. அதற்குள் பன்னிரண்டு நிறங்களில் பன்னிரண்டு இழைகள். கேபிள் பிரியும் இடத்திலும் அறுந்து ஒட்டிய இடத்திலும் கம்பத்தில் ஒரு கருப்புப் பெட்டி. மொத்தம் முப்பத்து நான்கு பெட்டிகள். ஒவ்வொரு வீட்டிலும் மோடத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரே ஒரு போன் நம்பர். அது செங்கல்வராயனின் சொந்த நம்பர்.

அந்த நம்பர் அவரைக் கும்மிடிப்பூண்டியை விட்டு நகர விடவில்லை. மகனுக்கு மொட்டை அடிக்கத் திருப்பதிக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர் காளஹஸ்தியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினார். உயரமான சரக்கு ஏற்றிய லாரி ஒன்று கேபிளை இழுத்துப் போட்டிருந்தது. பிரேமா மட்டும் போய் மகனுக்கு மொட்டை அடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். “போட்டோவுல அப்பா எங்கன்னு புள்ள கேட்டா, கம்பத்து மேலன்னு சொல்லப்போறேன்யா” என்றார். இரண்டு வருடம் முன்பு மழை ஈரத்தில் ஏணி வழுக்கி வலது தோள் அடிபட்டது. அதற்குப் பிறகு தலைக்கு மேலே கையைத் தூக்கினால் இரண்டு நிமிடம் தாங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். ஏறாமல் இருக்க முடியாது. அவரைத் தவிர வேறு யாராலும் அந்த லைனில் வேலை செய்ய முடியாது.

முடியாது என்பது வெறும் பேச்சில்லை. மூன்று வருடம் முன்பு வேறு வேலைக்கு என்று ஒன்பது நாள் போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் லைன் அறுந்தது. வெளியிலிருந்து கூட்டிவந்த ஆள் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் பார்த்தான். நீலம் ஆரஞ்சில் போகிறது, ஆரஞ்சு பழுப்பில் போகிறது, பழுப்பு எங்கும் போகவில்லை. பெட்டியை மூடிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பத்தாம் நாள் செங்கல்வராயன் திரும்பி வந்தார்.

லைன் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. அறுந்த கேபிளை ஒட்டும்போது நூறு வீடுகள் போனில் கத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு நிறம் செத்திருந்தால் எது உயிரோடு இருக்கிறதோ அதில் போட்டுவிட்டு அடுத்த கம்பத்துக்கு ஓடுவது கேபிள்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அப்படி மாற்றிப் போட்டால், எந்த நிறம் எதில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி, மேலே டேப் ஒட்டி, பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். செங்கல்வராயனும் முதல் ஒன்பது பெட்டிகளில் வைத்திருந்தார்.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் அவர் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே சந்திரமோகன் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. “ஆளுக்கு இன்னாபா பஞ்சம். ஒருத்தன் போனா ஒருத்தன் வருவான். லைன் நம்மள்து.” அவர் அதை அவ்வளவு கனமாகச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அடுத்த வாரம் செங்கல்வராயன் ஒன்பது பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சீட்டுகளை எடுத்துக் கிழித்துப்போட்டார். அதற்குப் பிறகு எங்கேயும் எழுதவில்லை. முப்பத்து நான்கு பெட்டிகளும் அவர் தலைக்குள்தான் இருந்தன. அவரை யாரும் அனுப்ப முடியாது என்று ஆனது. அவராலும் போக முடியாது என்பது பிந்தித்தான் புரிந்தது. அதற்குள் சந்திரமோகன் மாரடைப்பில் இறந்து, அவர் மனைவி திலகவதி ஆபீசைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

இந்த ஜூனில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். வளாகத்துக்குள் இருக்கும் கேபிளையும் கேமராக்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கேபிள் எல்லாம் இடுப்பு உயரத்தில். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டினால் மறுநாள் காலை வரை யாரும் கூப்பிடமாட்டார்கள். செப்டம்பர் ஒன்று, திங்கட்கிழமை சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

திலகவதியிடம் சொன்னபோது அவர் மேசை மேலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

“போவாதன்னு நான் சொல்லல தம்பி. உன் தோள நானும் பாத்துக்கினுதான் கீறேன். ஆனா ஒண்ணு. அறுந்த லைன ஒரு ஆளு, உன்ன ஒரு வார்த்த கேக்காம ஒட்டணும். ஒட்டிட்டான்னா அன்னிக்கே போ. இல்லன்னா இந்த ஷட்டர இழுத்து மூடிட்டு நானும் உன் கூடவே அந்தக் கம்பெனில பெருக்கவாவது சேந்துக்கறேன்.”

“சரி அண்ணி” என்றார் செங்கல்வராயன்.

ஆள் கிடைத்தார். கவரைப்பேட்டையில் இருபது வருடம் கேபிள் இழுத்த மோகன்ராஜ். அவர் வேலை பார்த்த இடம் மூடிவிட்டது. வயதில் செங்கல்வராயனுக்கு இரண்டு வருடம் மூத்தவர், வாய் ஓயாதவர். முதல் பெட்டியைத் திறந்ததும் மூக்கின் மேல் விரலை வைத்தார்.

“இன்னா நைனா இது? பரோட்டா கடை நூடுல்ஸா? யார் ஒட்டனது?”

“நான்தான்.”

“நல்லா ஒட்டிக்கீற. ஒட்டு ஒண்ணொண்ணும் முத்து மாரி கீது. ஆனா இத்த வேற மனுசன் தொடக்கூடாதுன்னு வேண்டிக்கினு ஒட்டனா மாரியும் கீது.”

செங்கல்வராயன் பெட்டியை மூடினார். அன்றே முடிவு செய்தார். முப்பத்து நான்கு பெட்டிகளையும் திறந்து, எல்லா ஒட்டையும் வெட்டி, நிறத்தோடு நிறம் சேர்த்து மறுபடி ஒட்டி, சீட்டு எழுதி வைப்பது. ஒரு பெட்டிக்கு ஒரு காலை. அந்த நேரத்துக்கு அங்கிருந்து அப்பால் உள்ள வீடுகளில் நெட் இருக்காது. ஜூலையும் ஆகஸ்டும் அவர் ஒரு கையால் ஒட்டி, ஒரு கையால் திட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி முப்பத்து மூன்று பெட்டிகள் முடிந்தன. கடைசிப் பெட்டி டிரெய்லர்கள் நிற்கும் மைதானத்துக்குப் பக்கத்தில், டிரான்ஸ்பார்மரை ஒட்டிய கம்பத்தில் இருந்தது. ஏணியைச் சரியாகச் சாய்க்க இடம் போதாத இடம். அங்கிருந்து அப்பால் பயன்பாட்டில் இருப்பது மூன்றே இழைகள்: சிவப்பு, கருப்பு, மஞ்சள். மஞ்சள் இழை குப்பம்மாள் என்பவர் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் நாற்பது அறைகளுக்குப் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மில்லுக்கு வந்தவர்கள் இருக்கிற அறைகள். அன்று தோள் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டி நேர்ப்பெட்டிதான், நிறம் மாற்றவே இல்லை என்று அவருக்கு நன்றாக நினைவு இருந்தது. ஏணியில் பாதி ஏறி, பெட்டியைத் திறக்காமல், மூடி இடுக்கில் சீட்டைச் செருகிவிட்டு இறங்கினார். சிவப்பு – சிவப்பு, கருப்பு – கருப்பு, மஞ்சள் – மஞ்சள். முப்பத்து நான்கும் முடிந்தது என்று திலகவதியிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நாஷ்டா நேரத்தில், பெரிய பாய்லர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று மைதானத்திலிருந்து திரும்பும்போது கேபிளைக் கொத்தாக இழுத்துக்கொண்டு போனது. முப்பத்து நான்காம் பெட்டி கம்பத்திலிருந்து பிய்ந்து ரோட்டில் விழுந்து உடைந்தது. ஒட்டுகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன.

திலகவதி ஸ்கூட்டரில் வந்து நின்றார். “நான் கேட்ட பரிச்ச வந்துடுச்சி தம்பி. நீ அந்தாண்ட போய் நில்லு. வாயத் தொறக்கக் கூடாது.”

செங்கல்வராயன் எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில் நின்றார். மோகன்ராஜ் உடைந்த பெட்டியின் மூடி இடுக்கிலிருந்து சீட்டை எடுத்து உரக்கப் படித்தார். புதுப் பெட்டி போட்டு, இழைகளை உரித்து, நிதானமாக ஒட்ட ஆரம்பித்தார். நல்ல கை. சிவப்பு ஒட்டி முடிந்தது, வெளிச்சம் மறுமுனை வரை போய்ச் சேர்ந்தது. கருப்பிலும் சேர்ந்தது. மஞ்சள் ஒட்டியும் குப்பம்மாளின் அறைகளில் மோடத்தின் நெட் விளக்கு எரியவில்லை. வெட்டி மறுபடி ஒட்டினார். இல்லை. சிவப்பு லேசர் பேனாவை இழையில் அடித்துவிட்டு வண்டியில் போய் மறுமுனையைப் பார்த்தார். வெளிச்சம் வந்து சேரவில்லை. திரும்பி வருவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் ஐந்தாறு பேர் போனைக் கையில் பிடித்தபடி கம்பத்தடிக்கே வந்து நின்றார்கள்.

மோகன்ராஜ் வியர்வையைத் துடைத்தார். “டிரெய்லர் இழுத்த இழுப்புல மஞ்சள் உள்ளயே எங்கியோ ஒடிஞ்சிக்கீது அண்ணி. சீட்டு சரியா கீது, ஒட்டும் சரியா கீது. வேற நெறத்துக்கு மாத்தி உட்டுட்றேன். அறுந்ததுக்கு மேல நாம இன்னா பண்றது?” எதிர்ப்பக்கம் திரும்பினார். “இன்னா நைனா, அப்டித்தான?”

செங்கல்வராயனுக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. நான்கு வருடம் முன்பு, ஐப்பசி மழையில், அணில் கடித்து மஞ்சள் செத்துப்போயிருந்தது. இளஞ்சிவப்பில் மாற்றிப் போட்டிருந்தார். நேர்ப்பெட்டி இல்லை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மோகன்ராஜ் பரீட்சையில் தேறிவிடுவார். திங்கட்கிழமை செங்கல்வராயன் தொழிற்சாலை கேட்டில் நிற்பார். திலகவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோகன்ராஜ் புதுச் சீட்டை முழங்காலில் வைத்து, ‘மஞ்சள், டிரெய்லர், 29–8’ என்று எழுத ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியது செங்கல்வராயனுக்குக் கேட்டது. அந்தச் சீட்டும் பொய்யாகிவிடும். பெட்டி மோகன்ராஜின் பெயரில் இருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று இவருக்கு மட்டும்தான் தெரியும்.

ரோட்டைக் கடந்து வந்தார்.

“அத்த எழுதாத. மஞ்சள் நாலு வருசமா செத்துக்கீது. இளஞ்சிவப்புல பாரு.”

“சீட்டுல மஞ்சள்னு போட்டுக்கீற?”

“தொறக்காம எழுதனது.”

மோகன்ராஜ் பேனாவை மூடினார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகக் கிண்டல் இல்லை. “நான் சீட்ட நம்பித்தான் நைனா கை வெச்சேன். ஒரு சீட்டு பொய்யின்னா முப்பத்தி நாலும் பொய்தான். நாளைக்கு மழைல இன்னொண்ணு அறுந்தா நான் எத்த நம்பறது?”

“மத்ததெல்லாம் தொறந்து எழுதனதுபா.”

“இத்தயும் அப்டித்தான சொன்ன?”

திலகவதி குறுக்கே வந்தார். “இரு. நாலு வருசம் முன்ன மாத்தனப்பவே எழுதி வெச்சிருந்தா இந்தப் பேஜாரே இல்லியே. அவர் இருந்தப்ப பொட்டிக்குப் பொட்டி சீட்டு வெப்பீங்களே. அதெல்லாம் எங்க?”

செங்கல்வராயன் சொன்னார். ஆபீஸ் வாசலில் காதில் விழுந்ததைச் சொன்னார், ஒன்பது சீட்டுகளைக் கிழித்ததைச் சொன்னார். நின்றிருந்த மில் ஆட்களுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் சத்தமில்லாமல் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

திலகவதி ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்தார். “ரெண்டு வருசம் முன்ன மாதர்பாக்கத்துக்காரர் ஒருத்தர் ஆபீச வெலைக்குக் கேட்டு வந்தார். குடுத்துட்டு என் பொண்ணு ஊட்டோட போய் இருந்துக்கலாம்னு இருந்தேன். லைனுக்கு மேப் கீதா, சீட்டு கீதான்னு கேட்டார். இல்லன்னேன். வெச்ச டீயக் குடிக்காம எழுந்து போய்ட்டார். நீ போன் எடுக்கலன்னா நான் ஸ்கூட்டர எடுத்துக்கினு உன் ஊட்டுக்கு ஓடியாருவேன் தம்பி, தெரியுமா? உன்ன நான் கட்டிப் போட்டுக்கீறேன்னு ஊருல பேசிக்கிறாங்க. யார் யாரக் கட்டனது?”

செங்கல்வராயன் மணிக்கட்டில் சுற்றியிருந்த டேப்பை அவிழ்த்தார்.

“உன் போனக் குடு” என்றார் திலகவதி.

“அண்ணி?”

“குடுன்றேன். வர்ற கால நான் எடுக்கறேன். இன்னிக்கி, நாளைக்கி, நாயித்துக்கெழம. முப்பத்தி நாலு பொட்டியும் மோகன்ராஜ் தொறந்து பாக்கணும். சரியா கீதுன்னு அவர் சொல்லணும். சொல்லலன்னா திங்கக்கெழம நீ எங்கயும் போவல.”

அறைகளுக்கு இளஞ்சிவப்பில் வெளிச்சம் போன பிறகு, இரண்டு பேரும் முதல் கம்பத்துக்குப் போனார்கள். இந்த முறை வேலை மாறியது. ஏணியில் ஏறுவதும் பெட்டியை இறக்குவதும் திறப்பதும் மோகன்ராஜ். சீட்டை அவர் பார்ப்பார். நிறத்தை அவர் படிப்பார். செங்கல்வராயன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். அது அவருக்கு ஒட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மோகன்ராஜ் ஒரு இழையைத் தேடித் தடவும்போதெல்லாம் ‘இடப்பக்கம்’ என்று நாக்கு நுனி வரை வந்து நின்றது. கை சட்டைப்பைக்குப் போகும், போன் இருக்காது.

பன்னிரண்டாம் பெட்டியில் மோகன்ராஜ் கூப்பிட்டார். “நைனா, சாம்பல் – சாம்பல், வெள்ளை – வெள்ளைன்னு எழுதிக்கீற. உள்ள சாம்பல் வெள்ளைல கீது, வெள்ளை சாம்பல்ல கீது.”

செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். உண்மைதான். அது திறந்து, ஒட்டி, பார்த்து எழுதிய பெட்டி. மாற்றி ஒட்டியது அவருக்கே தெரியவில்லை.

“பரவால்ல உடு. தெரிஞ்சே பண்ண தப்பு ஒண்ணு, தெரியாம பண்ண தப்பு ஒண்ணு. சோடி சேந்துடுச்சி” என்று சிரித்துவிட்டு, மோகன்ராஜ் அவரிடம் இடுக்கியை நீட்டினார். அந்த இரண்டை மட்டும் செங்கல்வராயன் வெட்டி ஒட்டினார். சீட்டை எழுதியது மோகன்ராஜ்.

சனிக்கிழமை மாலை மழை வந்து மூன்று மணி நேரம் வீணானது. பிரேமா சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “முடியுமா?” என்று மட்டும் கேட்டார். “தெரியல” என்றார் அவர். பிரேமா தொழிற்சாலைக்குப் போட வேண்டிய நீலச் சட்டையை அயர்ன் கடையில் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்க வந்தவர், கேட்காமல் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முப்பத்து மூன்று ஆனது. வேறு எதிலும் தப்பு இல்லை. நாலரை மணிக்கு டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை அவசரத்தில் தற்காலிகமாகப் போட்டதை மோகன்ராஜ் வெட்டிவிட்டு நகர்ந்துகொண்டார்.

“இது உன்னுது. நீயே ஒட்டிக் குடு. ஆனா நான் பாத்துட்டுதான் வாங்குவேன்.”

செங்கல்வராயன் ஒட்டினார். சிவப்பு, கருப்பு. பிறகு இந்தப் பக்கத்து மஞ்சளை அந்தப் பக்கத்து இளஞ்சிவப்போடு. அந்த ஒன்றை நேராக்க வழியில்லை. செத்த மஞ்சளுக்குப் புதுக் கேபிள் இழுத்தால்தான் உண்டு. குழல்களைச் சூடாக்கி, ஆறவிட்டு, தட்டில் வளைவு உடையாமல் சுற்றி வைத்தார். சீட்டில் எழுதினார்: சிவப்பு – சிவப்பு. கருப்பு – கருப்பு. மஞ்சள் – இளஞ்சிவப்பு. இதற்கு அப்பால் மஞ்சள் அணில் கடித்துச் செத்தது. கீழே தேதி. ஒரு நிமிடம் யோசித்துத் தன் பெயரையும் எழுதினார்.

திலகவதி குப்பம்மாளின் அறைகளுக்குப் பக்கத்திலிருந்து மோகன்ராஜின் போனுக்குக் கூப்பிட்டார். “எல்லா ரூம்லயும் வந்துடுச்சி. ஒரு பையன் ஊர்ல அவங்கம்மாவ என்கிட்ட காட்றான், நானும் கும்புட்டேன். மூணு நாள்ல நூத்திப் பன்னண்டு கால் தம்பி. நீ எப்டிதான் காது வெச்சிக்கினு இருந்தியோ!”

மோகன்ராஜ் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். சீட்டை முதலில் பார்க்கவில்லை. மூன்று ஒட்டையும் விரலால் தொட்டு, இரண்டு பக்கமும் நிறத்தைத் தானே படித்தார். லேசர் பேனாவை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்து, டேப் ஒட்டி, உள்ளே வைத்து மூடினார். நான்கு திருகாணிகளையும் அவரே முடுக்கினார்.

“சரியா கீது” என்றார்.

அவர் ஏணியில் ஏறி, கம்பத்தில் இடுப்பைச் சாய்த்து நின்று, ஒரு கையைக் கீழே நீட்டினார். செங்கல்வராயன் பெட்டியை இரண்டு கைகளிலும் எடுத்தார். வலது தோள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தூக்கினார். மேலேயிருந்து வந்த கை பெட்டியின் அடியைப் பிடித்து எடையை வாங்கிக்கொண்டது.

“புடிச்சிட்டேன் நைனா. உடு.”